வலையில் 'எக்ஸ்' போடும் சிலந்தி, அதை யாருக்காகப் போடுகிறது?

கேள்வி: ஜூன் 2, காலை 7.15

ஆர்ஜியோப் சிலந்தி வலையின் நடுவில் வெள்ளையாக வளைத்து வளைத்து 'எக்ஸ்' போடுகிறதே, அது வலை ஆடாமல் இருக்கப் போடும் முட்டுக்கட்டை என்பது என் கட்சி. 'ஸ்டெபிலிமென்டம்' என்ற பெயருக்கே நிலைநிறுத்துவது என்றுதான் பொருள். பார்வைக்கான குறி என்று சிலர் எழுதுகிறார்கள். வட்ட வலை கட்டும் சிலந்திக்குக் கண் ஏறக்குறைய உதவாது, அதிர்வை வைத்துத்தான் பிழைக்கிறது. பார்க்கத் தெரியாத உயிருக்கு நிறமும் குறியும் எதற்கு? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதில்: ஜூன் 2, இரவு 9.40

பூவுக்குக் கண் இருக்கிறதா? குறி போடுகிறவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. எதிரில் வருகிறவருக்குத் தெரிந்தால் போதும்.

இனி முட்டுக்கட்டை. வலை கட்டும் வரிசையைப் பாருங்கள். முதலில் பாலம் போல ஒரு நூல், அடுத்து சட்டம், ஆரங்கள், ஒட்டாத தற்காலிகச் சுருள், கடைசியாக ஒட்டும் சுருள். இவ்வளவும் முடிந்து வலை இறுகி நின்ற பிறகுதான் எக்ஸ் வருகிறது. கட்டடம் எழுந்த பிறகு யாரும் தூண் நடுவதில்லை. அந்தப் பட்டை ஆரங்களோடு அங்கங்கே தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும், இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்காது.

நூலும் வேறு. சட்டத்துக்கும் ஆரத்துக்கும் தடித்த, உறுதியான தொங்கு நூல். எக்ஸுக்கு வருவது அசினிஃபார்ம் சுரப்பியின் நூல். இரையைப் போர்த்திச் சுற்றுவதும் இதே நூலால்தான். மிக மெல்லிய இழைகள் கற்றையாக ஒரே சமயத்தில் வெளிவரும். பஞ்சை விரித்து வைத்தால் தூண் ஆகிவிடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய காரணம். எக்ஸ், கோடு, சுருள் என்று வலை நடுவே போடும் இந்தக் குறிகளுக்குப் பொதுப்பெயர் அலங்காரம். அலங்காரம் போடும் சிலந்திகள் அநேகமாக எல்லாமே பகலில் வலை நடுவே உட்கார்ந்திருப்பவை. இரவில் கட்டி விடியலில் பிரித்துத் தின்றுவிடும் இனங்கள் போடுவதில்லை. காற்று இரவிலும்தான் அடிக்கிறது. குறி முட்டுக்கட்டையாக இருந்தால் அவற்றுக்கும் தேவைப்பட்டிருக்கும்.

ஜூன் 3, காலை 6.30

நேற்று கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். இழுவிசைக்கும் அலங்காரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்ற தொனி வந்துவிட்டது. ஆக்டனோபா சைபோடிடிஸ் என்ற சிலந்தியை மறந்துவிட்டேன். அது யுலோபோரிடே குடும்பம். இக்குடும்பத்துக்கு நச்சுச் சுரப்பி கிடையாது, இரையை நூலால் சுற்றிச் சுற்றியே அடக்கும். இந்தச் சிலந்தி இருவகை அலங்காரம் போடும், நேர்க்கோடு ஒன்று, சுருள் ஒன்று. பசியில் இருக்கும்போது சுருளைப் போடுகிறது. சுருள் உள்ள வலையின் ஆரங்கள் அதிகம் இறுகியிருக்கின்றன, சின்னஞ்சிறு ஈ விழுந்தாலும் சிலந்தி விரைந்து வருகிறது. வதனபே 1999, 2000 ஆண்டுகளில் இதைக் காட்டினார்.

ஆகவே கேள்வி கேட்டவருக்குக் கால் மதிப்பெண். ஆனால் அங்கேயும் காற்றைத் தாங்குவது பேச்சில் இல்லை. சிறிய இரையின் அதிர்வு காதுக்கு எட்டுகிற மாதிரி தந்தியை முறுக்குகிற வேலை அது. ஆர்ஜியோப்பும் ஆக்டனோபாவும் தூரத்து உறவு. இரண்டும் போடுவதற்கு ஒரே பெயர் வைத்ததில்தான் பாதிக் குழப்பம்.

வாசகர்: ஜூன் 3, மாலை 5.10

அப்படியென்றால் பூச்சியை இழுக்கத்தான் எக்ஸ். முடிந்ததா விவாதம்?

ஜூன் 4, இரவு 10.20

முடியவில்லை. இங்கேதான் தொடங்குகிறது.

இழுக்கிறது என்ற பக்கம்: கேதரின் கிரெய்க்கும் கேரி பெர்னார்டும் 1990இல் ஆர்ஜியோப் அர்ஜென்டேட்டாவைப் பார்த்தார்கள். அலங்கார நூல் புற ஊதா ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது, ஒட்டும் சுருள் அவ்வளவாக அனுப்புவதில்லை. அலங்காரமும் சிலந்தியும் இருந்த வலைகளில் பூச்சிகள் கூடுதலாக விழுந்தன.

காக்கிறது என்ற பக்கம்: ஐஸ்னரும் நோவிக்கியும் 1983இல் அலங்காரம் இல்லாத வலைகளில் செயற்கைக் குறியை ஒட்டினார்கள். குறி ஒட்டியவை பெரும்பாலும் காலை முழுவதும் தப்பின, மற்றவை பலவும் கிழிந்தன. பறக்கும் பறவை வலையைப் பார்த்து விலகுகிறது என்பது அவர்கள் வாதம். 1999இல் பிளாக்லெட்ஜும் வென்சலும் ஆர்ஜியோப் ஆரன்ஷியாவில் எதிர்க் கணக்கைக் கொடுத்தார்கள். அலங்காரம் உள்ள வலையில் இரை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதாவது பாதுகாப்புக்குச் சிலந்தி சாப்பாட்டில் விலை கொடுக்கிறது.

மூன்றாவது பக்கம், காட்டிக்கொடுக்கிறது: போர்ஷியா லேபியாட்டா மற்றச் சிலந்திகளைத் தின்னும் ஒரு தாவும் சிலந்தி. அலங்காரம் உள்ள, இல்லாத வலைகளைக் காட்டினால் உள்ளதன் பக்கம்தான் போகிறது (2001). அதே ஆண்டு ஆர்ஜியோப் கீசர்லிங்கியில், கும்பிடுபூச்சியும் அலங்காரத்தால் ஈர்க்கப்படுவது தெரிந்தது.

எல்லாருமே ஒழுங்காக எண்ணியவர்கள்தான். பிறகு ஏன் முரண்? இரண்டு காரணம். ஒன்று, யார் பார்வையாளர் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. இரண்டாவது, நிறையப் பேர் சறுக்கும் இடம். வயிறு நிறைந்த ஆர்ஜியோப் அலங்காரத்தைக் கூட்டும், வலையைச் சிறிதாகக் கட்டும். அலங்காரம் உள்ள வலையையும் இல்லாததையும் சும்மா எண்ணி ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது உண்ட சிலந்தியையும் பசித்த சிலந்தியையும். எக்ஸ் மேல் பழி விழும்.

சரியாகச் செய்ய வேண்டுமானால்:

ஒரே அளவுச் சிலந்திகள், அருகருகே, ஒரே திசை பார்க்கும் வலைகளாக ஜோடி சேருங்கள். ஒன்றில் அலங்காரப் பட்டையை நுனி கூர்மையான சிறு கத்தரியால் வெட்டி எடுங்கள். மற்றதில் பட்டையை விட்டுவிட்டு, அதே நீளத்துக்கு வேறு இடத்தில் நூலை வெட்டுங்கள். இந்தப் பொய்வெட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஒரு வலை கிழிந்தது, இன்னொன்று முழுசு, ஒப்பீடு செத்தது. வெட்டும்போது சிலந்தி நூலில் தொங்கிக் கீழே விழும், அல்லது வலையை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டும். அது திரும்ப நடுவுக்கு வந்து அமைதியாகும் வரை, குறைந்தது அரைமணி நேரம், எதையும் எண்ண வேண்டாம்.

வலையின் பரப்பை அளக்காமல் இரையை எண்ணுவது வீண். செங்குத்து விட்டத்தையும் கிடை விட்டத்தையும் பெருக்கி 0.785ஆல் பெருக்குங்கள், ஒட்டாத நடுப்பகுதியின் பரப்பைக் கழியுங்கள். 44 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம், நடு 6 செ.மீ. விட்டம் என்றால் 1382இல் 28 போக 1354 சதுர செ.மீ. இரையை இந்தப் பரப்பால் வகுங்கள். கண்ணி இடைவெளியையும் குறியுங்கள், நடுவுக்கு நேர் கீழே உள்ள ஆரத்தில் எத்தனை சுருள் வெட்டுகிறது என்று எண்ணினால் போதும். மாட்டித் தப்பிய பூச்சியின் ஓட்டையும் கணக்கில் வர வேண்டும். சிலந்தி தின்றதை மட்டும் எண்ணினால் அதன் பசியைத்தான் எண்ணுகிறீர்கள்.

ஜூன் 5, பகல் 1.05

எக்ஸைக் 'கையெழுத்து' என்கிறார்களே, எந்த வங்கியும் ஏற்றுக்கொள்ளாத கையெழுத்து அது. ஒரே சிலந்தி இன்று நான்கு கை போடும், நாளை ஒன்று, மறுநாள் ஒன்றுமில்லை. பல இனங்களில் குஞ்சுகள் எக்ஸே போடுவதில்லை, நடுவில் வட்டத் தட்டு மாதிரி நெய்து அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வளர வளரத்தான் கை முளைக்கிறது. 'ஆர்ஜியோப் எக்ஸ் போடும்' என்று எழுதுகிறவர்கள் வயதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஜூன் 7, இரவு 8.50

தேனீக்கு அந்த எக்ஸ் எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போடலாம்.

தேனீயின் கண்ணில் மூன்று வகை ஒளியுணரிகள். உச்ச உணர்வு சுமார் 344, 436, 544 நானோமீட்டர், அதாவது புற ஊதா, நீலம், பச்சை. சிவப்புக்குத் தனி உணரி கிடையாது. நிறத்தை வைத்து ஒரு பொருளைக் கண்டுபிடிக்க அது கண்ணில் ஏறக்குறைய 15 பாகைக் கோணத்தை அடைக்க வேண்டும். பச்சை உணரியின் மாறுபாட்டை மட்டும் வைத்து, நிறம் தெரியாமல், 5 பாகையிலேயே கண்டுகொள்ளும். 2 செ.மீ. அகலமுள்ள குறி 15 பாகையை அடைப்பது சுமார் 7.6 செ.மீ. தூரத்தில், 5 பாகையை அடைப்பது சுமார் 23 செ.மீ. தூரத்தில். 1 செ.மீ. உடல் என்றால் இரண்டையும் பாதியாக்குங்கள். நாம் பத்தடி தள்ளி நின்று 'பளிச்' என்கிற நிறம் தேனீக்கு ஒரு சாண் தூரத்தில்தான் ஏதோ ஒன்றாகவே தோன்றுகிறது, நிறமாகத் தெரிவது முகத்தில் மோதுகிற தூரத்தில்.

இன்னொரு கண்ணி. நமக்கு வெள்ளையாகத் தெரியும் பூக்கள் பெரும்பாலும் புற ஊதாவை விழுங்கிவிடும். அதனால் தேனீக்கு அவை நிறமுள்ளவை. அலங்கார நூல் புற ஊதாவையும் சேர்த்து எல்லா அலைநீளத்தையும் சமமாகத் திருப்புகிறது. தேனீக்கு அதுதான் உண்மையான வெள்ளை, அதாவது நிறமற்றது. பிளாக்லெட்ஜ் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு, பூச்சிக்கு மங்கலாகவும் பறவைக்குத் தெளிவாகவும் இருக்கிற நூல் இது என்கிறது. கிரெய்க் தரப்பு, புற ஊதா இருப்பதே திறந்த வானத்தின் அடையாளம், பூச்சி அதை நோக்கிப் பறக்கும் என்கிறது. நான் முதல் தரப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனால் எல்லாப் பூச்சியும் தேனீ இல்லை. ஈக்கு வேறு கண்.

வாசகர்: ஜூன் 8, காலை 9.00

வலையை விடுங்கள். நண்டுச் சிலந்தி பூவின் நிறத்துக்கு மாறி ஒளிந்துகொள்கிறதே, அதிலாவது சந்தேகம் இல்லையே?

ஜூன் 8, இரவு 11.15

அதில்தான் அதிகம்.

மிசுமினா வாடியா வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குப் போகும், திரும்பியும் வரும். பெண் மட்டும்தான். மஞ்சள் என்பது மேல்தோல் செல்களில் சேரும் நிறமி, வெள்ளை என்பது அதற்கு அடியிலிருக்கும் குவானின் படிகங்கள் தெரிவது. மஞ்சளாக 10 முதல் 25 நாள், வெள்ளைக்குத் திரும்ப சுமார் 6 நாள். 'பூவில் உட்கார்ந்ததும் நிறம் மாறும்' என்று எழுதுகிறவர்கள் பச்சோந்தியோடு குழப்பிக்கொள்கிறார்கள். பத்து நாளில் பாதிப் பூக்கள் வாடிவிடும்.

மஞ்சள் பூவில் மஞ்சள் சிலந்தி, நம் கண்ணுக்குப் பொருத்தம். தேனீக்கு? ஐரோப்பாவின் தோமிசஸ் ஓனஸ்டஸில், தேனீயின் கண்ணுக்கும் பறவையின் கண்ணுக்கும் சேர்த்தே பொருந்துகிறது என்று 2002இல் தேரியும் காசாஸும் அளந்தார்கள். மறு ஆண்டே ஹைலிங், ஹெர்பர்ஸ்டைன், சிட்கா மூவரும் ஆஸ்திரேலியாவின் தோமிசஸ் ஸ்பெக்டபிலிஸில் நேர்மாறைக் காட்டினார்கள். வெள்ளை டெய்சியில் உட்கார்ந்த வெள்ளைச் சிலந்தி நமக்குத் தெரியவில்லை. ஆனால் அது புற ஊதாவைப் பளிச்சென்று திருப்புகிறது, இதழ் திருப்புவதில்லை. தேனீக்கு அந்தச் சிலந்தி நடுப்பூவில் எரியும் விளக்கு. தேனீக்கள் சிலந்தி இருந்த பூவையே அதிகம் தேடிப் போயின. ஒளிந்துகொள்ளவில்லை, கூவி அழைக்கிறது.

இதில் ஒரு கொக்கி உண்டு. சோதனையில் ஏமாந்தது ஐரோப்பியத் தேனீ, ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியது. அங்கேயே பிறந்து வளர்ந்த கொடுக்கில்லாத் தேனீயை வைத்துச் செய்தபோது (2004) அதுவும் பூவருகே வந்தது, ஆனால் இறங்காமல் தவிர்த்தது. பழகிய ஏமாளி பாதி வழியில் விழித்துக்கொள்கிறான்.

ஜூன் 9, காலை 7.45

புற ஊதாக் கைவிளக்கை வாங்கிச் சிலந்தி மேல் அடித்து, 'நீலமாக மின்னுகிறது, புற ஊதாவைத் திருப்புகிறது' என்று படம் போடுகிறார்கள். தவறு. இருட்டில் 365 நானோமீட்டர் விளக்கடித்து உங்கள் கண்ணுக்கு ஏதோ தெரிகிறதென்றால் அது ஒளிர்வு. புற ஊதாவை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கக்குகிறது. திருப்பி அனுப்பினால் அது புற ஊதாவாகவே வரும், உங்களுக்கு எதுவும் தெரியாது. இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர் வேலை.

திருப்புவதைப் படமெடுக்க உள்வடிகட்டி நீக்கிய கேமரா வேண்டும். லென்ஸ் மேல், புற ஊதாவை மட்டும் விட்டு அகச்சிவப்பையும் அடைக்கும் வடிகட்டி. அகச்சிவப்பு கசிந்தால் எல்லாமே வெளுத்து, 'எல்லாச் சிலந்தியும் மின்னுகிறது' என்ற முடிவுக்கு வருவீர்கள். பூச்சு மேல் பூச்சு போட்ட நவீன லென்ஸ்கள் பல புற ஊதாவை உள்ளேயே விடாது, பழைய எளிய லென்ஸ்கள் இதற்கு மேல். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வெள்ளைத் தாளை வைக்காதீர்கள், தாளிலுள்ள வெளுப்பூட்டி புற ஊதாவை விழுங்கிக் கறுப்பாக விழும். குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவைப் பல மடிப்பாக வையுங்கள், அது நன்றாகத் திருப்பும்.

ஜூன் 10, இரவு 9.30

உடல் நிறம் பற்றி ஒரு குறிப்பு, எக்ஸை மறந்துவிட்டு.

ராட்சத மரச்சிலந்தி நெஃபிலா பிலிபெஸ். கறுப்பு உடலில் மஞ்சள் பட்டை. ஐ-மின் சோ குழு அந்த மஞ்சளை மறைத்துச் சாயம் பூசியது, இரை குறைந்தது. கேஸ்டரகாந்தா ஃபோர்னிகேட்டா என்ற முள்முதுகுச் சிலந்தியில் ஹாபர் 2002இல் பட்டைகளைக் கறுப்பு மையால் மூடினார், அங்கும் குறைந்தது. நியோஸ்கோனா பங்க்டிஜெரா இன்னும் விநோதம். இரவாடி, பகலில் மரப்பட்டை மேல் அடையாளமே தெரியாது. இரவில் வலையில் வயிற்றைக் காட்டித் தொங்கும்போது அடிவயிற்றுப் புள்ளிகள் அந்துப்பூச்சியை இழுக்கின்றன, புள்ளியை மறைத்தால் வரத்துக் குறைகிறது (2008). நிலவொளியில் நிறம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். முதுகு பகலுக்கு, வயிறு இரவுக்கு.

சாயச் சோதனையில் கெடுவது ஒப்பீட்டுச் சிலந்தி. மஞ்சளைக் கறுப்பால் மறைத்த சிலந்தியைச் சாயமே பூசாத சிலந்தியோடு ஒப்பிடக் கூடாது. சாயத்துக்கு வாசனை உண்டு, எடை உண்டு, பூசும்போது பிடித்து அமுக்கிய அதிர்ச்சியும் உண்டு. கறுப்பான இடத்தில் அதே அளவு கறுப்பைப் பூசிய சிலந்திதான் சரியான ஜோடி. மூட்டுகளிலும், வயிற்றின் அடியில் மூச்சுத் துளைகளிலும் சாயம் படக்கூடாது.

பொன்னிற நூல் கதையையும் கேட்டிருந்தீர்கள். டிரைக்கோநெஃபிலா கிளாவிபெஸ் (2019 வரை நெஃபிலா) வெளிச்சமான இடத்தில் மஞ்சள் தூக்கலான நூலையும், மங்கலான இடத்தில் வெளிறியதையும் விடும். மஞ்சளை வைத்து ஆபத்தைக் கற்றுக்கொள்வது தேனீக்குக் கடினம். தேனும் மகரந்தமும் தருகிற நிறத்தின் மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

ஜூன் 11, காலை 6.10

சைக்ளோசா. வலை நடுவே குப்பை வரிசை: தின்ற இரையின் தோல், முட்டைப் பை, காய்ந்த துணுக்கு. சைக்ளோசா முல்மெய்னென்சிஸ் அந்த உருண்டைகளைத் தன் உடம்பு அளவுக்கே வைக்கிறது. 2009இல் ட்செங்கும் சோவும் படம்பிடித்து எண்ணியதில், உருண்டை வைத்த வலையைக் குளவி அதிகம் தாக்கியது, ஆனால் தாக்குதல் உருண்டைமேல் போனது. கவனத்தை விலைக்கு வாங்கி உயிரைக் காப்பாற்றிக்கொள்வது. அதன் உறவான சைக்ளோசா ஜின்னகா வெள்ளைத் தட்டு நெய்து அதன்மேல் உட்கார்ந்து பறவை எச்சமாகிவிடுகிறது. தட்டைக் கறுப்பாக்கினாலும் உடம்பைக் கறுப்பாக்கினாலும் குளவிக்குப் பிடிபடுகிறது (2014). கௌரவம் பார்த்தால் பிழைக்க முடியாது.

ஜூன் 12, இரவு 10.45

'சிலந்திக்குக் கண் உதவாது' என்ற முதல் வரிக்கு இத்தனை நாள் தாவும் சிலந்தியைக் கொண்டுவராமல் இருந்தது என் பொறுமை.

முன்நடுக் கண் இரண்டும் நீண்ட குழாய்கள். விழித்திரை நான்கு அடுக்கு. பார்க்கும் பரப்பு மிகக் குறுகல், அதனால் ஒவ்வொரு குழாயையும் ஆறு தசைகள் அசைத்து, காட்சியை வருடி வருடிப் படிக்கிறது. போர்ஷியாவின் கூர்மை சுமார் 0.04 பாகை. மேலே தேனீக்குச் சொன்ன 5 பாகையோடு வைத்துப் பாருங்கள். பக்கக் கண்கள் அசைவைப் பிடித்துச் சொல்ல, உடல் திரும்பி, முன்கண் அடையாளம் காண்கிறது.

தூரத்தை அளப்பது இன்னும் நுட்பம். ஹசாரியஸ் அடன்சோனியின் விழித்திரையில் இரண்டு அடுக்குகள் பச்சைக்கு உணர்வுள்ளவை. பச்சை ஒளி ஓர் அடுக்கில்தான் குவியும், மற்றதில் கலங்கலாகவே விழும். அந்தக் கலங்கலின் அளவுதான் தூரம். 2012இல் நகாடா குழு பச்சை ஒளியில் தாவ விட்டது, சரியாக விழுந்தது. அதே வெளிச்ச அளவில் சிவப்பு ஒளியில் விட்டால் இரைக்கு முன்னாலேயே விழுந்தது. சிவப்பு வேறு தூரத்தில் குவிவதால் கணக்குத் தப்பியது.

ஹப்ரோநாட்டஸில் விழித்திரை நடுவில் சிவப்பு வடிகட்டி இருக்கிறது (2015). பச்சை உணரி ஒன்றின் முன்னால் நிறமியை நிறுத்தி சிவப்புக்கான மூன்றாம் உணரியை உண்டாக்கிக்கொண்டது. ஆனால் பார்வையின் நடுச்சிறு பகுதியில், நல்ல வெளிச்சத்தில் மட்டும். ஆண் முகத்தில் சிவப்பு பூசிக்கொண்டு வெயிலில் வந்து ஆடுவதற்கு அர்த்தம் வருகிறதல்லவா?

காஸ்மோபேசிஸ் அம்ப்ரடிகாவில் ஆண் புற ஊதாவைத் திருப்புகிறது, பெண்ணின் முகக்கால்கள் (வாயருகே உள்ள சிறு கால்கள்) புற ஊதா பட்டால் பச்சையாக ஒளிர்கின்றன (2007). புற ஊதாவை மறைத்தால் காதல் அநேகமாக நின்றுபோகிறது. எல்இடி விளக்கின் கீழ்ப் பெட்டியில் வளர்ப்பவர்கள் 'என் ஜோடி ஆடவே இல்லை' என்பதன் காரணங்களில் இது ஒன்று. சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதா இல்லை என்றே சொல்லலாம். விளக்கை மாற்றாமல் சிலந்தியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஜூன் 13, பகல் 12.30

கண்ணாடி முன் தாவும் சிலந்தியை விட்டால் தன் பிம்பத்தோடு சண்டைக்கு நிற்கும் என்பது உண்மை. ஆண் முன்கால்களைத் தூக்கிக் காட்டும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். ஜெயிக்க முடியாத எதிரி.

வாசகர்: ஜூன் 14, காலை 8.20

எறும்பு மாதிரி இருக்கும் சிலந்தியை விட்டுவிட்டீர்களே. அதுவும் தாவும் சிலந்திதானே?

ஜூன் 14, இரவு 7.00

ஆம். மிர்மராக்னே. உடலின் நடுவில் இடுப்பு போலக் குறுகல், முன்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு மாதிரி தூக்கிப் பிடிக்கும். ஆறு காலில் நடப்பதாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மிர்மராக்னே ஃபார்மிகேரியாவை அதிவேகக் கேமராவில் பிடித்தபோது (2017) நடக்கையில் எட்டுக் காலும் தரையில்தான். நிற்கும் அந்த நொடிக்கும் குறைவான நேரத்தில் முன்கால் எழுகிறது. மெதுவான கண்ணுக்கு இரண்டும் கலந்து ஆறு காலாகத் தெரிகிறது. வளைந்து வளைந்து நடப்பதும் எறும்பு தடம் பிடிப்பதைப் போல.

ஆணுக்கு ஒரு சிக்கல், தாடை முன்னே நீண்டு எறும்பு வேடத்தைக் கெடுக்கும். முசுறு எறும்பைப் போலிருக்கும் மிர்மப்ளாட்டா பிளாட்டலியாய்டிஸில் அந்தத் தாடை, இன்னோர் எறும்பைத் தூக்கிப் போகும் எறும்பு போல ஆகிவிட்டது. மூட்டை சுமக்கும் எறும்பு கடிக்க வராது என்று எறும்பு தின்னும் எதிரிகள் அதையே தேடி வரக்கூடும் என்பதுதான் வேடத்தின் விலை.

ஜூன் 15, காலை 5.50

இரவில் ஓநாய்ச் சிலந்தி தேடுபவர்களுக்கு: விளக்கைக் கையில் தாழ்த்திப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நெற்றியிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ வைத்து, ஒளிக்கற்றை வழியாகவே பாருங்கள். அதன் கண்ணுக்குள்ளிருக்கும் பிரதிபலிப்பு அடுக்கு வெளிச்சத்தை வந்த வழியே திருப்பும், தரையில் பனித்துளி போலப் பொறிகள் தெரியும். பனித்துளி நீங்கள் நகர்ந்தால் அணைந்து எரியும், சிலந்தி தொடர்ந்து எரியும்.

வலை வீசும் டைனோபிஸுக்கு அந்த அடுக்கும் இல்லை. மிகப் பெரிய பின்நடுக் கண்ணில் ஒளியுணர் சவ்வை விடியலில் அழித்துவிட்டு ஒவ்வோர் இரவும் புதிதாகக் கட்டுகிறது. கண்ணை மூடி விட்டால் தரையில் நடக்கும் இரையைப் பிடிக்கத் திணறும், மேலே பறப்பதைப் பிடிக்கும். பறப்பதன் ஓசையைக் காலால் கேட்கிறது. ஒரே வேட்டைக்காரனுக்கு இரண்டு புலன், இரண்டு திசைக்கு.

வாசகர்: ஜூன் 16, மாலை 6.40

ஜூன் 4 முறைப்படி வலையை அளக்கப் போனேன், நூலே தெரியவில்லை. சோள மாவு தூவினால் தெரியும் என்கிறார்களே?

ஜூன் 16, இரவு 9.10

தெரியும். வலையும் அத்தோடு செத்துவிடும். மாவு பசைத் துளிகளை மூடிவிடும், பிறகு அதில் எதுவும் ஒட்டாது, சிலந்தி வலையைப் பிரித்துவிடும் அல்லது கைவிடும். இரையை எண்ணி முடித்த பிறகு, கடைசி அளவுக்கு மட்டும் தூவுங்கள். அதற்கு முன் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வரும்படி நில்லுங்கள், காலைச் சூரியன் போதும். நேர் எதிரிலோ முதுகுப் பக்கமிருந்தோ வரும் ஒளியில் நூல் மறைந்துவிடும். துணி வலையில் படாமல் ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும், உங்கள் மூச்சுக் காற்றுக்கே சிலந்தி ஊஞ்சலாட ஆரம்பிக்கும்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 18, காலை 7.00

முட்டுக்கட்டை போச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை குறிப்பிலும் எக்ஸ் யாருக்கு என்று ஒரு வரியில் நீங்கள் சொல்லவில்லை.

ஜூன் 18, இரவு 10.30

எந்த இனம், எந்த வயது, அன்று அந்த இடத்தில் யார் பறக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னால் நானும் ஒரு வரியில் சொல்வேன்.

பார்வைக்கே சம்பந்தமில்லாத இன்னொரு காரணத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அலங்கார நூலும் இரை சுற்றும் நூலும் ஒரே சுரப்பி என்று முதல் நாளே எழுதினேன். ஆர்ஜியோப் பெரும்பாலான இரையை முதலில் சுற்றும், பிறகு கடிக்கும். பட்டாம்பூச்சி, அந்து என்றால் முதலில் கடிக்கும், ஏனென்றால் செதிலை உதிர்த்துவிட்டுத் தப்பிவிடும். ஆக, சுற்றும் நூல் எப்போதும் கையிருப்பில் இருந்தாக வேண்டும். 2008இல் வால்டர் குழு சிலந்திகளை அந்த நூலைச் செலவழிக்க வைத்துப் பார்த்தது, அலங்காரம் கூடியது. அலங்காரம் போடுவது சுரப்பியைத் தூண்டி, அடுத்த வேட்டைக்கு நூலைப் பெருக்கி வைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஆலையை நிறுத்தாமல் ஓட்டுகிறது, ஓடுகிற ஆலையின் சரக்கு வலையில் எக்ஸாக விழுகிறது, விழுந்த பிறகு தேனீயும் பறவையும் போர்ஷியாவும் அதை அவரவர் இஷ்டப்படி படிக்கின்றன.

அப்படியானால் ஜூன் 4 பட்டியலில் ஓர் ஓட்டை இருக்கிறது. வலைப் பரப்பு, கண்ணி, திசை எல்லாம் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு சிலந்தியும் முந்தின நாள் எத்தனை இரையைச் சுற்றியது, எத்தனையை நேரே கடித்தது என்ற கட்டங்களை விட்டுவிட்டேன். குறிப்பேட்டில் அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.